வெராக்ரூஸிலிருந்து சித்தப்பாவுக்கு

ஹலாப்பா,
14 டிசம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் இப்போது தேவலையா? தைலம் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டால் திட்டுவார்கள், அதனால் கேட்கவில்லை.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லத் தோதுப்படவில்லை. லைன் விட்டுவிட்டு வந்தது, அதற்குள் உங்களுக்குப் பறிப்பு ஆட்களும் வந்துவிட்டார்கள். கீழ்க்காட்டில் காபியை எடுத்துவிட்டு மறுபடியும் வனிலா வைக்கலாமா, வனிலாவுக்குச் சொந்த ஊரே நீ இருக்கிற இடம்தானே, அங்கே சம்சாரிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டீர்கள். வைக்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லலாம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். எனக்குத் தெரியாதா? ஆகவே நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். மெக்சிகோவின் கிழக்கே, வளைகுடாக் கடலை ஒட்டி முருங்கைக்காய் மாதிரி நீண்டு கிடக்கிறது வெராக்ரூஸ் மாநிலம். கடற்கரை மட்டும் 745 கிலோமீட்டர். அகலமோ பல இடங்களில் நூறு கிலோமீட்டர்கூடத் தேறாது. அந்த அகலத்துக்குள்ளேயே நிலம் கடல் மட்டத்திலிருந்து 5,600 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. மேற்கு எல்லையில் நிற்கும் ஒரிசாபா சிகரம்தான் நாட்டிலேயே உயரமானது. சித்லால்தெப்பெத்ல் என்பது அதன் பழைய நாவாத்ல் பெயர். எரிமலை, ஆனால் உச்சியில் பனி. அடிவாரத்தில் கரும்பு. மேகம் விலகிய காலையில் நான் குடியிருக்கிற வீட்டு மாடியிலிருந்தே தெரியும். விலகுகிற காலைகள் குறைவு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி ஹலாப்பாவின் தலையில்தான் இறங்குகிறது. மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது, நாள் முழுக்க ஒரு நசநசப்பு. துணி காயாது. மாநிலத் தலைநகர் இதுதான், மாநிலத்தின் பெயரையே கொண்ட துறைமுக நகரம் இல்லை. சுமார் 1,400 மீட்டர் உயரம். ஹலப்பேனோ மிளகாய்க்குப் பெயர் கொடுத்ததும் இந்த ஊர்தான்.

இந்த ஒடுக்கமான நிலம் என்ன செய்கிறது என்பதைப் பருந்துகளை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். செப்டம்பர், அக்டோபரில் வட அமெரிக்காவின் பருந்து, வல்லூறு, கழுகு வகைகள் தெற்கே போகின்றன. அவை அதிகம் சிறகடித்துப் பறப்பதில்லை. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் ஏறி, அப்படியே சரிந்து, அடுத்த காற்றைப் பிடிக்கும். கடல் மேல் அந்தக் காற்று கிடையாது. மலையோ கார்தெல் ஊருக்குப் பக்கத்தில் கடலை நெருக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் எல்லாம் நுழைந்தாக வேண்டும். ஒரு பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள். அந்த ஊரில் ஒரு ஓட்டல் மொட்டைமாடியில் நின்று வருடந்தோறும் எண்ணுகிறார்கள். நானும் போய் நின்றேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம், என்னால் எண்ண முடியவில்லை.

இந்த மாநிலத்தின் கதை முழுவதும் இப்படித்தான், சித்தப்பா. எல்லாம் இதன் வழியாகப் போகும். தங்குவது கொஞ்சம்.

1519-ல் ஸ்பெயினின் கோர்த்தேஸ் வந்து இறங்கியது இந்தக் கரையில். அதன்பின் முந்நூறு வருடம் மெக்சிகோவின் வெள்ளியில் பெரும்பகுதி வெராக்ரூஸ் துறைமுகத்தில் கப்பலேறி ஸ்பெயினுக்குப் போயிற்று. அத்தனை வெள்ளி போன ஊரில் தங்க ஒருவரும் விரும்பவில்லை. மஞ்சள் காய்ச்சல். கப்பலில் வந்த வியாபாரிகள் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஹலாப்பாவுக்கு மலையேறிவிடுவார்கள். 18-ம் நூற்றாண்டில் கப்பல் கூட்டம் கொண்டுவந்த சரக்குக்கான பெரிய சந்தையே இங்கேதான் கூடியது. துறைமுகத்தின் எதிரே பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய சான் ஹுவான் தெ உலுவா கோட்டை இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பிறகும் ஸ்பெயின் படை 1825 வரை அதைவிட்டு நகரவில்லை. பிறகு 1838-ல் பிரெஞ்சுக்காரன், 1847-லும் 1914-லும் அமெரிக்கன். மெக்சிகோவை அடிக்க நினைத்தவனுக்கெல்லாம் கதவு இதுதான்.

இன்றைக்கும் துறைமுகம் பெரிசுதான். பக்கத்து மாநிலமான புயெப்லாவில் செய்கிற ஃபோக்ஸ்வாகன் கார்கள் வரிசையாக நின்று இங்கே கப்பலேறுகின்றன. (தெருவில் ஓடும் ஹூண்டாய் ஐ10 சென்னையில் செய்தது என்று டாக்சிக்காரரிடம் சொன்னேன், நம்பவில்லை.) அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். "நோர்த்தே" என்பார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே போகும். அப்போது துறைமுகத்தை மூடிவிடுவார்கள், தெருவெல்லாம் மணல்.

தங்கியது என்னவென்றால் மனிதர்கள். அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய ஆப்பிரிக்கர்களின் சந்ததி இங்கே இருக்கிறது. கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்குள் போய் வருடக்கணக்கில் ஸ்பானியப் படையை எதிர்த்து நின்றவர் யாங்கா. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு வேறு வழியில்லாமல் அவருடைய ஆட்களுக்குச் சுதந்திர ஊர் ஒன்றை ஒப்புக்கொடுத்தது. 1932 முதல் அந்த ஊருக்கு அவர் பெயரே. கியூபாவிலிருந்து வந்த தன்சோன் ஆட்டத்தை இன்றும் துறைமுகச் சதுக்கத்தில் வயதானவர்கள் வேட்டி மடிப்புக் கலையாத கணக்காய் ஆடுகிறார்கள். 1939-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிவந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சினாயா என்ற கப்பலில் வந்து இறங்கியதும் இங்கேதான். இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர்கள் தோத்தோனாக், நாவா, ஹுவாஸ்தெக், பொபொலூகா மக்கள். மாநிலத்தின் 80 லட்சம் பேரில் ஆறு லட்சத்துக்கும் மேலானவர்கள் இன்றும் அந்த மொழிகளைப் பேசுகிறார்கள்.

இனி வனிலா.

பாப்பாந்த்லா வடக்கே இருக்கிறது, தோத்தோனாக் நாடு. உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து நான்கு பேர் கயிற்றில் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி இறங்க, ஐந்தாமவர் உச்சியில் உட்கார்ந்து குழலும் சிறு மத்தளமும் வாசிக்கும் சடங்கை யூடியூபில் அனுப்பினேனே, அவர்கள் ஊர். பக்கத்தில் எல் தாஹின் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் உண்டு. அங்கே ஒரு பிரமிடில் 365 மாடக்குழிகள். வனிலாக் கொடியை உலகத்துக்கு வளர்த்துக் காட்டியவர்கள் இந்த மக்கள்தான். 19-ம் நூற்றாண்டின் நடு வரைக்கும் விற்பனைக்கு வந்த வனிலாவில் பெரும்பகுதி இவர்கள் காட்டிலிருந்து போனது. காரணம், பூவில் மகரந்தம் சேர்க்கிற பூச்சி வேறெங்கும் இல்லை. கொடியைக் கொண்டுபோனவர்களுக்குக் காய் பிடிக்கவில்லை.

1836-ல் பெல்ஜியத்தில் ஷார்ல் மொர்ரான் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் சட்டென்று செய்கிற வழியைக் கண்டுபிடித்தது 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். குச்சியால் மெல்லிய தோலை நீக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. சித்தி காலையில் கொடிக்குக் கொடி போய்ச் செய்தார்களே, அதே வேலை. அவன் கண்டுபிடித்ததால் பணக்காரனானது தீவின் முதலாளிகள். அவன் பின்னால் வறுமையில் செத்தான். பாப்பாந்த்லாவின் பிடியும் அத்தோடு தளர்ந்தது. இன்றைக்கு உலகச் சந்தையை வைத்திருப்பது மடகாஸ்கர்.

ஆனால் பாப்பாந்த்லாவை முழுசாகக் கவிழ்த்தது வெளியூர்ப் போட்டி மட்டுமில்லை. பக்கத்திலேயே போசா ரிகாவில் 1930-களில் எண்ணெய் வந்தது. கூலி அங்கே கூட. ஆள் போய்விட்டது. மிச்சமிருந்த காடு ஆரஞ்சுத் தோப்பும் மாட்டுப் புல்வெளியுமாக மாறியது. நிழல் போனால் கொடி ஏது? செயற்கை வனிலின் 1874 முதலே உண்டு. ஐஸ்கிரீம்காரனுக்கு அது போதும். பாப்பாந்த்லா வனிலாவுக்கு 2009-ல் புவிசார் உரிமைப் பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததே தவிர, பழைய விளைச்சல் திரும்பவில்லை.

அங்கே ஒரு தோத்தோனாக் பெரியவரின் காட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் பார்த்தால் உடனே பேச ஆரம்பித்திருப்பீர்கள். கொடி ஏற்றியிருப்பது முள்முருங்கை வகை மரத்தில். பக்கத்தில் வாழை, ஆரஞ்சு, மக்காச்சோளம், கொடுக்கில்லாத தேனீக்குப் பானைகள். வனிலாவுக்கென்று தனி ஏக்கர் கிடையாது. நல்ல விலை வருகிற வருடம் காயைத் திருடிவிடுகிறார்கள், அதனால் முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள், முற்றாத காயில் மணம் ஏது? விலை இல்லாத வருடம் திருடுகிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. பச்சைக் காய் ஐந்தாறு கிலோ போட்டால் பதம் செய்த வனிலா ஒரு கிலோ தேறும். வெயிலில் காட்டி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, மறுபடி வெயிலில் காட்டி, மாதக்கணக்கில் அதே வேலை. பச்சையாக விற்பவனுக்கு வருவது சொற்பம், பதம் செய்து விற்பவன் கையில்தான் காசு. நம் பக்கம் 2003 வாக்கில் பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கில் போய், இரண்டு மூன்று வருடத்தில் எடுக்க ஆளில்லாமல் கிடந்ததே, அப்போதும் எல்லோரும் பச்சையாகத்தானே விற்றோம்? மடகாஸ்கரில் புயல் அடித்தால் நமக்கு விலை, அங்கே கொடி தேறினால் நமக்கு அடி.

காபியைப் பற்றி எழுதாவிட்டால் நீங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிடுவீர்கள். நான் இருக்கும் ஹலாப்பாவிலிருந்து பக்கத்து ஊரான கோவாத்தேபெக் வரை வழியெல்லாம் காபி வாசம்தான். மெக்சிகோவில் சியாப்பாஸ் மாநிலத்துக்கு அடுத்தபடி அதிகம் விளைவது இங்கே. மேகக்காட்டின் பெரிய மரங்களை வைத்துக்கொண்டு அடியில் காபி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஹெக்டேர்காரர்கள். நம் ஊர் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் இந்தக் கண்டத்திலேயே இல்லை என்று சொன்னால் பொறாமைப்படுவீர்கள். காய் துளைப்பான் உண்டு. இலைத் துரு நோயும் உண்டு. துரு 1981-ல் மெக்சிகோவுக்குள் வந்தது, முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு 2012-லிருந்து வெறியாட்டம் போட்டது. டிபிகா, போர்போன், இங்கேயே உருவாக்கிய கார்னிகா, எல்லா ரகமும் மொட்டையாய் நின்றன. 1869-ல் இலங்கையில் தலைகாட்டி அங்கே காபியையே ஒழித்து, தேயிலைக்கு வழிவிட்ட அதே துரு.

துருவைவிடப் பெரிய அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. அதை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றினேன்.

இங்கேயும் ஒரு காபி போர்டு இருந்தது. 1958-ல் அரசு தொடங்கிய இன்மெகஃபே. முன்பணம் தரும், நாற்றுத் தரும், பழத்தை வாங்கிக்கொள்ளும், வெளிநாட்டுக்கு விற்கும். தலைமை அலுவலகமும் ஹலாப்பாவில்தான். ஊழல், தாமதம், கட்சிக்காரனுக்கு முன்னுரிமை எல்லாம் உண்டு, பழைய ஆட்கள் இன்றும் திட்டுகிறார்கள். ஆனால் 1989-ல் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தது. நாடுகளுக்கிடையே ஏற்றுமதிப் பங்கு பிரித்துவைத்திருந்த சர்வதேசக் காபி ஒப்பந்தம் ஜூலையில் உடைந்தது, விலை பாதியாக விழுந்தது. அதே வருடம் அரசு இன்மெகஃபேயைக் கைகழுவத் தொடங்கியது, 1993-ல் இழுத்து மூடியது. குடை தேவைப்பட்ட நேரத்தில் குடையைப் பிடுங்கினார்கள். நம்முடைய போர்டு, எல்லோர் காபியையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் பூல் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1996-ல்தான் முழுசாக விட்டார்கள். அதற்குள் 1994-ல் பிரேசிலில் பனி அடித்து விலை ஏறியிருந்தது, அந்தப் பணத்தில்தான் நீங்கள் கல் வீடு கட்டினீர்கள். கொள்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு மூன்று வருட முன்பின் உங்களுக்கு வீட்டைக் கொடுத்தது, இவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

நிஜமாகவே அனுப்பியது. அதுவரை வெராக்ரூஸ்காரர்கள் அவ்வளவாக வடக்கே போனதில்லை. மத்திய-மேற்கு மாநிலங்களில் தலைமுறைகளாக இருந்த பழக்கம் இங்கே கிடையாது. 1990-களில் காபி ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போனவர்கள் அனுப்பும் டாலரில்தான் பல தோட்டங்களில் இன்று கவாத்து நடக்கிறது. இந்த வருடம் பிப்ரவரியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியதே, அது இவர்களுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பழமாக விற்கிறவர்கள் தரகரை "கொயோத்தே" என்கிறார்கள், ஓநாய் ஜாதி. பதில் அதிலேயே இருக்கிறது. பழத்தோலை நீக்கி உலர்த்திப் பார்ச்மென்ட் ஆக்கி, கூட்டுறவாகச் சேர்ந்து விற்பவர்கள் கொஞ்சம் தலைநிமிர்ந்து இருக்கிறார்கள்.

காபி குடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் லா பர்ரோக்கியா என்ற பழைய கடை. நீளக் கண்ணாடி டம்ளரில் அடியில் கொஞ்சம் கெட்டி டிகாக்‌ஷன் வைத்துப் போவார்கள். கரண்டியால் டம்ளரைத் தட்டினால் பால்காரர் கெண்டியோடு வந்து உயரத்திலிருந்து ஊற்றுவார். கடை முழுக்க டிங் டிங் என்று சத்தம். பால் தண்ணீர்தான், சித்தி பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் வேடிக்கை நன்றாக இருக்கும்.

எண்ணெய்யைப் பற்றிச் சுருக்கமாக. வடக்கே 1908-ல் தோஸ் போகாஸில் ஒரு கிணறு வெடித்து 57 நாள் எரிந்தது. 1916-ல் செர்ரோ அசுல் 4 என்ற கிணறு ஒரு நாளைக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பீப்பாய் கக்கியது. 1921-ல் உலகத்திலேயே அமெரிக்காவுக்கு அடுத்தபடி எண்ணெய் எடுத்த நாடு மெக்சிகோ, அதில் பெரும்பங்கு இந்த மண்ணிலிருந்து. கொஞ்ச வருடத்தில் கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஏறியது, கம்பெனிகள் வேறு இடம் பார்த்துப் போயின. 1938-ல் அதிபர் லாசரோ கார்தெனாஸ் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார். தெற்கே மினாதித்லான் சுத்திகரிப்பு ஆலையும் கோவாட்சகோவால்கோஸ் ரசாயன ஆலைகளும் இன்றும் ஓடுகின்றன. நாட்டின் ஒரே அணுமின் நிலையமும் இந்தக் கரையில்தான், லகுனா வெர்தேயில். இத்தனை இருந்தும் மெக்சிகோவின் ஏழ்மையான மாநிலங்களைச் சொல்லச் சொன்னால் இதன் பெயர் முன்வரிசையில் வரும். இந்த அக்டோபரில் காசோனெஸ் ஆறு பெருகி போசா ரிகாவுக்குள் புகுந்தது. எண்ணெய் ஊரின் தெருக்கள் முழுகின.

பயமில்லையா என்று சித்தி கேட்பார்கள். இருக்கிறது. பொய் சொல்லவில்லை. காணாமல் போனவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். 2016 அன்னையர் தினத்தன்று, பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் துறைமுக நகரில் ஊர்வலம் போனபோது யாரோ வந்து கையால் வரைந்த வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலுவைக் குறிகள் போட்டிருந்தது. நகரத்து ஓரத்தில் கோலினாஸ் தெ சாந்தா ஃபே என்ற இடத்தில் அந்தத் தாய்மார்களே கம்பியைத் தரையில் குத்தி, எடுத்து முகர்ந்து பார்த்துத் தோண்டினார்கள். 250-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்தன. அந்த வருடங்களில் ஆளுநராக இருந்த ஹாவியேர் துவார்தே பின்னால் ஊழல் வழக்கில் ஜெயிலுக்குப் போனார். நான் இருட்டிய பிறகு வெளியே போவதில்லை, தனியாகக் காட்டுக்கும் போவதில்லை. இது சித்திக்கு.

இதே மாநிலத்தில்தான் அமாத்லான் தெ லோஸ் ரேயெஸ் பக்கத்துக் கிராமத்துப் பெண்களும் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து சரக்கு ரயில் கூரையில் தொற்றிக்கொண்டு வடக்கே போகிற ஏழைகள் 1995-ல் ஒருநாள், ரொட்டி வாங்கிக்கொண்டு தண்டவாளத்தருகே நின்ற அக்கா தங்கையிடம் "அம்மா, பசிக்கிறது" என்று கத்தினார்களாம். கையிலிருந்ததை வீசிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் சோறும் பீன்ஸும் பொட்டலம் கட்டி, ஓடுகிற ரயிலில் நீட்டிய கைகளுக்கு எறிந்து கொடுக்கிறார்கள். லாஸ் பத்ரோனாஸ் என்று பெயர். அவர்களில் நோர்மா ரொமேரோவுக்கு 2013-ல் தேசிய மனித உரிமை விருது கொடுத்தார்கள். அவர்களும் பணக்காரர்களில்லை. கரும்புக்காட்டு ஊர்.

சரி, உங்கள் கீழ்க்காடு. காபியை எடுக்காதீர்கள். கல்யாண முருங்கை இருக்கிற வரப்போரம் ஐம்பது அறுபது கொடி வையுங்கள், மிளகு ஏற்றியிருக்கிற மரத்தில் வேண்டாம். பச்சையாக விற்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பதம் போடத் தெரிந்தவர் நம் பக்கத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், இல்லையென்றால் நான் லீவில் வரும்போது இங்கே கற்றுக்கொண்டதைச் செய்து காட்டுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. சேர மாட்டீர்கள் என்றும் தெரியும், எல்லை வேலித் தகராறு முடியட்டும்.

ஒரு காரியம் எனக்காகச் செய்ய வேண்டும். கோவாத்தேபெக்கில் எனக்குத் தெரிந்த ஒருவர் துருவுக்குத் தாங்கும் காட்டிமோர் வகைகளை நட்டிருக்கிறார், எத்தனை காய்ப்புக்கு அப்புறம் தாங்கும் சக்தி குறையும் என்று கவலைப்படுகிறார். நீங்கள் காவேரி ரகம் வைத்து, அது துருவுக்கு விழுந்து, பிறகு சந்திரகிரிக்கு மாறினீர்களே, எந்த வருடம் நட்டது, எந்த வருடம் இலை கொட்ட ஆரம்பித்தது என்பதெல்லாம் உங்கள் பழைய நோட்டில் இருக்கும். அந்தப் பக்கங்களைத் தம்பியிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பானிய மொழியில் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
கயல்